டிஸ்க் பர்ன் தோற்றதா? எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள்

டிவிடி எழுதும்போது பாதியில் நின்றுவிட்டால் எல்லோர் கண்ணும் முதலில் போவது திரையில் வரும் பிழைச் செய்திக்குத்தான். டிஸ்க் எழுதும் ட்ரைவுகளோடு நீண்ட நாள் பழகியவர்கள் அதற்கு முன்பே வேறொன்றைக் கேட்பார்கள்: எத்தனை சதவீதத்தில் நின்றது? டிஸ்க் உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பை நோக்கி எழுதப்படுகிறது. அதனால் நின்ற சதவீதம் டிஸ்க்கின் மேல் ஓர் இடத்தைக் காட்டுகிறது. அந்த இடம் தெரிந்துவிட்டால், சாத்தியமான காரணங்களில் பாதியை உடனே தள்ளிவிடலாம். ஒரே பிழைச் செய்தி ஐந்தாறு வேறு வேறு கோளாறுகளுக்கு வரும். இடம் அப்படிக் குழப்புவதில்லை.

தோற்றுப்போன டிஸ்க்கை உடனே குப்பையில் போடவேண்டாம். மேசை விளக்குக்கு அடியில் பிடித்து, எழுதும் பக்கத்தை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நடுத்துளையைச் சுற்றி ஒரு பட்டை ஒரு நிறத்திலும், அதற்கு வெளியே எழுதாத பகுதி சற்று வேறு நிறத்திலும் தெரியும். இரண்டும் சந்திக்கும் கோடுதான் லேசர் கைவிட்ட இடம். எழுதிய பட்டைக்குள் மெல்லிய வளையங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. ட்ரைவ் வேகத்தை மாற்றிய இடங்களில் அப்படித் தெரிவது இயல்பு. கைரேகை, மூடுபனி போன்ற திட்டு, விளிம்பை ஒட்டிச் சாயம் (லேசர் எழுதும் பூச்சு) மெலிந்த பிறைவடிவக் கறை ஆகியவை இருக்கின்றனவா என்று தேடுங்கள். அப்படி ஏதாவது அந்தக் கோட்டின் மேலேயே விழுந்திருந்தால் கணினியைக் குடைய வேண்டிய அவசியமே இல்லை. வேறு டிஸ்க் போட்டுப் பாருங்கள்.

தொடங்கும் முன்பே நின்றால்

பூஜ்யம் சதவீதத்திலேயே, அல்லது 'லீட்-இன்' (டிஸ்க்கின் தொடக்கப் பகுதி) எழுதுகிறது என்று காட்டும்போதே நின்றால், பெரும்பாலும் லேசர் சக்தியைச் சரிபார்க்கும் கட்டம் தோற்றிருக்கிறது. எழுதத் தொடங்குவதற்கு முன் ட்ரைவ் டிஸ்க்கின் உள்விளிம்பில் அதற்கென்றே ஒதுக்கிய இடத்தில் வெவ்வேறு சக்தியில் கொஞ்சம் எழுதி, அதையே திரும்பப் படித்து, இந்த டிஸ்க்குக்கு எந்த அளவு பொருந்தும் என்று முடிவு செய்கிறது. எந்த அளவிலும் சரியான பதில் வராவிட்டால் 'பவர் கேலிப்ரேஷன் எர்ரர்' என்று கைவிரித்துவிடும். பிழை எண் வரிசையில் 73/03 என்று தெரிந்தால் இதுதான். அந்தச் சோதனை இடம் மிகச் சிறியது. அதனால் ஒரே டிஸ்க்கைத் திரும்பத் திரும்பப் போட்டு முயல்வதில் பயனில்லை.

இங்கே முதல் சந்தேகம் டிஸ்க்கின் மேல்தான் விழவேண்டும். வேறு டிஸ்க் என்றால் வேறு பிராண்டு என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உறையில் இருக்கும் பெயரும் டிஸ்க்கை வார்த்த தொழிற்சாலையும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. ஒவ்வொரு வெற்று டிவிடியின் உள்வட்டத்திலும் தயாரிப்பாளரைக் குறிக்கும் மீடியா ஐடி பதிவாகியிருக்கும். இம்ஜ்பர்ன் போன்ற மென்பொருளில் டிஸ்க்கைப் போட்டதும் வலப்பக்கத் தகவல் பகுதியில் அது தெரியும். எம்சிசி 004 என்பது மிட்சுபிஷி கெமிக்கல் வடிவமைத்த 16எக்ஸ் (அடிப்படை வேகத்தைப்போல் 16 மடங்கு) டிவிடி பிளஸ் ஆர். டிஒய்ஜி 03 என்பது தாயோ யூடென் நிறுவனத்தின் 16எக்ஸ் டிவிடி மைனஸ் ஆர் (பிளஸ் ஆர், மைனஸ் ஆர் இரண்டும் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய வகைகள்). தாயோ யூடென் 2015-ல் இந்தத் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டது. மிட்சுபிஷி கெமிக்கலின் வெர்பாட்டிம் பிராண்டு 2019-ல் சிஎம்சி மேக்னெடிக்ஸ் கைக்கு மாறியது. ஆகவே பத்து ஆண்டுகளுக்கு முன் நன்றாக எழுதிய உறையின் பெயரை மட்டும் நம்பி வாங்கினால் போதாது. ட்ரைவுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குள் ஒவ்வொரு மீடியா ஐடிக்கும் எவ்வளவு சக்தியில், எந்தத் துடிப்பு வடிவில் எழுதவேண்டும் என்ற அட்டவணை இருக்கிறது. அட்டவணையில் இல்லாத ஐடி வந்தால் ட்ரைவ் பொதுவான ஓர் அளவை வைத்துச் சமாளிக்கும். சில நேரம் மறுத்தே விடும். தயாரிப்பாளரின் தளத்தில் புதிய ஃபர்ம்வேர் இருந்தால் போடுவது இதற்காகத்தான். ஃபர்ம்வேர் ஏற்றும்போது ட்ரேயில் டிஸ்க் இருக்கக்கூடாது, மின்சாரமும் தடைபடக்கூடாது. லேப்டாப்பில் வரும் ட்ரைவுக்கு லேப்டாப் நிறுவனம் தரும் ஃபர்ம்வேரைத்தான் போடவேண்டும்.

இரண்டாவது சந்தேகம் லென்ஸ். படிப்பதற்கு லேசருக்கு ஒரு மில்லிவாட் அளவு சக்தி போதும். எழுதுவதற்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். லென்ஸின் மேல் மெல்லிய தூசோ புகைப்படலமோ இருந்தால் படிப்பது தடையின்றி நடக்கும், எழுதுவது மட்டும் தோற்கும். 'படமெல்லாம் ஓடுகிறதே, ட்ரைவ் எப்படிக் கெட்டிருக்கும்?' என்ற கேள்விக்கு விடை இதுதான்.

லேப்டாப் வகை ஸ்லிம் ட்ரைவில் ட்ரேயை இழுத்தால் லென்ஸ் கண்ணெதிரே வரும். முதலில் கையால் அழுத்தும் ரப்பர் ஊதுகுழலால் தூசியை விரட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி படும். பிறகு 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியின் நுனியில் ஈரம் தெரியும் அளவுக்கு மட்டும் தொட்டு, லென்ஸின் மேல் எடையே விழாதபடி இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். லென்ஸ் நூல் போன்ற மெல்லிய கம்பிகளில் மிதந்துகொண்டிருக்கிறது. விரலால் அமுக்கினால் கீழே இறங்கித் திரும்ப எழும். அப்படி அமுங்கினால் கொடுத்த அழுத்தம் அதிகம் என்று பொருள். சில நிமிடம் காயவிட்டு மூடுங்கள். டெஸ்க்டாப் ட்ரைவில் லென்ஸைத் தொட அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றவேண்டும். மின்கேபிளைப் பிடுங்கிய பிறகே திறக்கவேண்டும்; மூடி இல்லாமல் இயக்கிப் பார்க்கவே கூடாது. சிடிக்கான லேசர் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். தூரிகை ஒட்டிய கிளீனிங் டிஸ்க் தளர்ந்த தூசியை எடுக்கும். எண்ணெய்ப் பசையை எடுக்காது.

சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால் ஒரு சிடியையும் ஒரு டிவிடியையும் எழுதிப் பாருங்கள். சிடிக்கு 780, டிவிடிக்கு 650, ப்ளூ-ரேக்கு 405 நானோமீட்டர் என்று மூன்றுக்கும் தனித்தனி லேசர். சிடி எழுதுகிறது, டிவிடி மட்டும் எந்த ஐடியிலும் எழுதவில்லை என்றால் டிவிடி லேசர் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அதை மாற்றிப் பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது. ட்ரைவையே மாற்றுவதுதான் வழி.

நடுவில் நின்றால்

இருபது, நாற்பது, அறுபது என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நின்றால் டிஸ்க்கை விட்டுவிட்டுக் கணினியைப் பாருங்கள். டிஸ்க்கில் கோளாறு என்றால் ஏறக்குறைய ஒரே பகுதியில்தான் மீண்டும் மீண்டும் மாட்டும். இடம் மாறிக்கொண்டே இருப்பது தரவு வரும் வழியிலோ மின்சாரத்திலோ தடங்கல் என்பதன் அடையாளம்.

கணக்கைப் பாருங்கள். டிவிடியில் 1எக்ஸ் என்றால் நொடிக்கு 1.385 எம்பி. 8எக்ஸ் என்றால் ஏறக்குறைய 11 எம்பி, 16எக்ஸ் என்றால் 22 எம்பி. ட்ரைவுக்குள் தரவைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் பஃபர் பெரும்பாலும் 2 எம்பிதான். 16எக்ஸ் வேகத்தில் அது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குக்கூடத் தாங்காது. முன்பெல்லாம் பஃபர் காலியானால் டிஸ்க் அங்கேயே பாழ். இப்போதைய ட்ரைவுகள் எழுதுவதை நிறுத்திவைத்து, தரவு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனாலும் அடிக்கடி நிறுத்தித் தொடங்கினால் அந்த ஒட்டுகள் எல்லாம் படிக்கும்போது பலவீனமான இடங்களாகலாம். மென்பொருளில் பஃபர் பட்டை அடிக்கடி பூஜ்யத்துக்கு இறங்கி, ட்ரைவின் ஓசையும் ஏறி இறங்கினால் இதுதான் நடக்கிறது.

ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களை நெட்வொர்க்கிலிருந்தோ பழைய பென்ட்ரைவிலிருந்தோ நேராக எழுதுவதுதான் இதற்கு வழக்கமான காரணம். முதலில் எல்லாவற்றையும் கணினியின் உள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக்குங்கள் (டிஸ்க்கில் போகவேண்டிய எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் அடக்கிய இமேஜ் இது). பிறகு அந்த ஐஎஸ்ஓவை எழுதுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு: ஃபைல் பெயர் மிக நீளம், ஏதோ ஒரு ஃபைல் திறந்தே இருக்கிறது என்பன போன்ற சிக்கல்கள் டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்பே வெளிப்பட்டுவிடும். எழுதும் நேரத்தில் ஸ்லீப் அமைப்பை நிறுத்தி, கிளவுட் ஒத்திசைவையும் வைரஸ் ஸ்கேனையும் ஒதுக்கிவையுங்கள். பட்டைக் கேபிள் போட்ட பழைய ஐடிஇ கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடினால், சாதன மேலாளரில் டிஎம்ஏ (வேகமான தரவுப் பரிமாற்ற முறை) இருக்கவேண்டிய இடத்தில் பிஐஓ (மெதுவான பழைய முறை) என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிழைகள் சேர்ந்தால் எக்ஸ்பி தானாகவே வேகத்தை இறக்கிவிடும். அந்தச் சேனலை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கினால் திரும்ப ஏறும், கேபிளையும் மாற்றிவிடுங்கள். மதர்போர்டில் கூடுதல் சிப் வழியாக வரும் சாட்டா போர்ட்டில் (ட்ரைவை இணைக்கும் செருகுமுனை) ட்ரைவை மாட்டியிருந்தால் முதன்மைச் சிப்செட்டின் போர்ட்டுக்கு மாற்றுவதும் பல நேரம் கைகொடுக்கும்.

யுஎஸ்பி ட்ரைவாக இருந்தால் மின்சாரம்தான் முதல் குற்றவாளி. யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. ஸ்லிம் ட்ரைவ் சுழலத் தொடங்கும்போதும் வேகமாக எழுதும்போதும் கணநேரத்துக்கு ஒரு ஆம்பியரைத் தாண்டும். அப்போது மின்னழுத்தம் சரிந்து ட்ரைவ் மறுதொடக்கம் ஆகும். 'டிக்' என்று லென்ஸ் வீட்டுக்குத் திரும்பும் ஓசையும், சாதனம் துண்டிக்கப்பட்டதற்கான ஒலியும் அடுத்தடுத்துக் கேட்டால் ஐயமே வேண்டாம். எக்ஸ்டென்ஷன் கேபிளையும் மின்சாரம் இல்லாத ஹப்பையும் எடுத்துவிட்டு, டெஸ்க்டாப்பின் பின்பக்கப் போர்ட்டில் நேராக மாட்டுங்கள். இரட்டைத் தலை கேபிள் வந்திருந்தால் இரண்டு தலைகளையும் மாட்டவேண்டும். இரண்டாவதைத் தொங்கவிடுவது பலருக்கும் பழக்கம். முழு அளவு டெஸ்க்டாப் ட்ரைவை யுஎஸ்பி அடாப்டரில் இணைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அதற்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் தேவை. தனி மின்செருகி இல்லாத அடாப்டர் அதற்கு ஆகாது.

சரியாகப் பாதியில் நிற்பது தனிக் கதை. 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிவிடியில் முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியே போகும், இரண்டாவது அடுக்கு வெளியிலிருந்து உள்ளே திரும்பும். ஐம்பது சதவீதத்தில் லேசர் அடுக்கு மாறித் திரும்பக் குவியவேண்டும். இரட்டை அடுக்கு டிஸ்க்குகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். தரமான ஐடி, நடுத்தர வேகம், சுத்தமான லென்ஸ் ஆகிய மூன்றும் இல்லாமல் இதற்கு வேறு வைத்தியம் கிடையாது. தரவைப் பிரிக்க முடிந்தால் இரண்டு ஒற்றை அடுக்கு டிஸ்க்குகளில் எழுதுவதே நல்லது. செலவும் குறைவு, ஆயுளையும் நம்பலாம்.

விளிம்பில் நின்றால்

எண்பத்தைந்து சதவீதத்துக்கு மேல், ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றால் வெளிவிளிம்பைப் பாருங்கள். டிஸ்க்கில் தரம் மிகவும் குறையும் பகுதி அதுதான். சாயம் பூசும்போது விளிம்பில்தான் சீர்கெடும். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தகடுகளை ஒட்டிய பண்டம். ஒட்டு விடத் தொடங்குவதும் விளிம்பில்தான். சற்றே வளைந்த டிஸ்க்கில் ஆட்டம் அதிகமாகத் தெரிவதும் அங்கேதான். போதாக்குறைக்கு 16எக்ஸ் என்ற வேகம் முழு டிஸ்க்குக்கும் உரியதல்ல. உள்வட்டத்தில் ஏறக்குறைய 6எக்ஸில் தொடங்கி, கடைசியில்தான் 16ஐத் தொடுகிறது. மோசமான இடமும் உச்ச வேகமும் ஒன்றாகச் சேர்கின்றன.

அதனால் இங்கே வேகத்தைக் குறைப்பது உண்மையிலேயே உதவும். 16எக்ஸ் டிஸ்க்கை 8எக்ஸில் எழுதுங்கள். ஆனால் 'எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது' என்ற நம்பிக்கை தவறு. சாயத்தின் கலவையும் ஃபர்ம்வேரின் துடிப்பு அளவும் ஒரு வேக வரம்புக்காக அமைக்கப்பட்டவை. அந்த வரம்புக்குக் கீழே போனால் பல டிஸ்க்குகளில் பிழை எண்ணிக்கை கூடத்தான் செய்யும். 16எக்ஸ் டிவிடிக்கு 8 முதல் 12 வரை, 52எக்ஸ் சிடிக்கு 16 முதல் 24 வரை வைத்துக்கொண்டால் பெரும்பாலான ட்ரைவுகளில் நல்ல பலன் கிடைக்கிறது. இன்னொரு வழி, விளிம்பைத் தொடாமலே விடுவது. 4.7 ஜிபி என்று அச்சிட்ட டிஸ்க்கில் விண்டோஸ் கணக்குப்படி 4.37 ஜிபிதான் கொள்ளும். அதில் 4.1 அல்லது 4.2 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முக்கியமான ஆவணங்களுக்கு இதை வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

வெற்று டிஸ்க்கில் விரல் படும் இடமும் வெளிவிளிம்புதான். கைரேகை தெரிந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும். பிழைதிருத்தும் முறையால் அதைச் சமாளிக்க முடியாது. குறுக்கே விழும் கீறலைச் சமாளித்துவிடும்.

நூறு சதவீதம் வந்த பிறகு

எல்லாம் எழுதி முடித்து, டிஸ்க்கை முடித்து மூடும் 'குளோஸ்' அல்லது 'ஃபைனலைஸ்' கட்டத்தில் தோற்றால் உங்கள் தரவு டிஸ்க்கில்தான் இருக்கிறது; முடிவுரைப் பகுதி மட்டும் எழுதப்படவில்லை. டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு, ட்ரைவை ஆறவிட்டு, மறுபடி போட்டு இம்ஜ்பர்னின் டூல்ஸ் பட்டியலில் ட்ரைவ் என்பதன் கீழ் வரும் குளோஸ் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பல டிஸ்க்குகளை இப்படி மீட்க முடியும்.

எழுதியது வெற்றி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும் சரிபார்ப்பு தோல்வி என்றால் தோல்வியின் வகையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். படிக்கவே முடியாமல் திணறினால் டிஸ்க்கும் லேசரும் ஒத்துப்போகவில்லை. சிக்கலில்லாமல் படித்துவிட்டு 'ஒப்பீட்டில் வேறுபாடு' என்று சொன்னால் அது வேறு ரகம். டிஸ்க் தன்னிடம் வந்ததை அப்படியே எழுதியிருக்கிறது. வரும் வழியிலேயே தரவு கெட்டிருக்கிறது. ரேம், சாட்டா அல்லது யுஎஸ்பி கேபிள், ஓவர்குளாக்கிங் (கணினியை அதன் அளவுக்கு மேல் வேகமாக ஓட்டுவது) ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஒரு இரவு முழுக்க ஓடவிடுங்கள். இந்த வகை வேறுபாட்டைப் பார்த்தும் டிஸ்க் பிராண்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. அவர்களுடைய ஹார்ட் டிஸ்க்கில் காப்பி ஆகும் ஃபைல்களும் அதே ரேம் வழியாகத்தான் போகின்றன என்பதை நினைத்தால் கவலையாக இருக்கிறது. ஸ்லிம் ட்ரைவில் சரிபார்ப்புக்கு முன் ட்ரே வெளியே வந்து காத்திருக்கும். அதற்குத் தானாக உள்ளே போகும் மோட்டார் கிடையாது. கையால் தள்ளவேண்டும். இதைத் தோல்வி என்று எண்ணவேண்டாம்.

எல்லாம் வெற்றி, வேறு கணினியில் மட்டும் திறக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் எழுதிய முறையில் இருக்கும். விண்டோஸில் 'யுஎஸ்பி ஃபிளாஷ் ட்ரைவ் போல' என்ற தேர்வில் எழுதிய டிஸ்க் பழைய பிளேயர்களில் ஓடாது. 'சிடி/டிவிடி பிளேயருடன்' என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இயங்குதளம் நிறுவும் டிஸ்க் பூட் ஆகவில்லை என்றால் டிஸ்க்கைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் மட்டும் இருந்தால், அதை இமேஜாக எழுதாமல் சாதாரண ஃபைலாகப் போட்டிருக்கிறீர்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலுக்கு யுடிஎஃப் என்ற ஃபைல் அமைப்பு தேவை. அழித்து மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க்குகள் ஒளியைக் குறைவாகவே பிரதிபலிக்கும்; பழைய பிளேயர் அதைக் கண்டுகொள்ளாமல் போனால் சாதாரண ஆர் டிஸ்க்கில் எழுதிக் கொடுங்கள். பலமுறை அழித்து எழுதிய ஆர்டபிள்யூ முரண்டு பிடித்தால் விரைவு அழிப்பை விட்டுவிட்டு முழு அழிப்புச் செய்யுங்கள்.

ட்ரைவா, டிஸ்க்கா என்று முடிவுக்கு வரமுடியாதபோது எழுதிய டிஸ்க்கை வேறொரு ட்ரைவில் படிப்பு வேகச் சோதனைக்கு உட்படுத்துங்கள். வரைகோடு உள்ளிருந்து விளிம்புவரை வழவழப்பாக ஏறினால் டிஸ்க் நல்லது. ஓரிடத்தில் பள்ளம் விழுந்தால் அந்த இடத்தில் மறுபடி மறுபடி படிக்கவேண்டியிருக்கிறது. முக்கியமான தரவு என்றால் அன்றே இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்க் ஒரு ட்ரைவில் நன்றாக எழுதி, இன்னொன்றில் 4எக்ஸில் மட்டும் எழுதி 8எக்ஸில் தோற்றால் இரண்டாவது ட்ரைவின் லேசர் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் படிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு எழுதுவதற்கு வேறு வாங்குங்கள்.

எழுதி முடித்த ஒவ்வொரு டிஸ்க்கிலும் நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற தெளிந்த வளையத்தில் தேதி, மீடியா ஐடி, எழுதிய வேகம் ஆகியவற்றை மென்நுனி மார்க்கரால் எழுதிவையுங்கள். சிடியில் தரவு அடுக்கு லேபிள் பக்கத்துக்கு நேர் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் இருப்பதால், பால்பாயின்ட் பேனாவால் மேலே எழுதினால் தரவே கீறப்பட்டுவிடும். காகித ஸ்டிக்கரும் ஒட்டவேண்டாம். எடை ஒருபக்கம் சாய்ந்து, வேகமாகச் சுழலும்போது டிஸ்க் அதிரும்.